நிரலில் நிற்கும் பதிலாள்

திருவனந்தபுரத்தில் வாழ்வோர்க்குப் பதிலாள் என்ற கருத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்து, அதன்பின் பத்மநாபதாசர் என்ற நிலையிலேயே ஆட்சி செலுத்தினார். திருப்படித்தானம் என்று வரலாற்றில் வழங்கும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், திருவிதாங்கூர் மன்னர் ஒவ்வொருவரும் உடையவர் இடத்தில் நின்று ஆணையிடுபவராகவே தம்மைக் கருதினர். 1924-ஆம் ஆண்டில் மூலம் திருநாள் மறைந்தபொழுது, அரசுரிமை பெற்ற சித்திரைத் திருநாள் சிறுவராயிருந்தமையால், சேது லட்சுமி பாய் 1931 வரை அவருக்காக ஆட்சி நடத்தினார். மனுக்கொண்டு வந்த குடிமகனுக்கு வாயில் அதுவே. மனு எழுதும் முறையும் அதுவே. விடை தந்தவர் மட்டும் வேறு.

இந்த ஏற்பாட்டின் நுட்பமான வடிவம் ஒன்று இன்றைய கணிப்பொறி நிரல்களில் ஓயாது நடைபெற்று வருகிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே, தேவை நேர்ந்த அந்தக் கணத்தில், ஒரு பதிலிப் பொருளைப் படைத்து, கேட்கப்பட்ட இடைமுகத்தை அது நிறைவேற்றுவதாக ஆக்கிவிடும் முறை அது. கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கில் பணிபுரியும் இளைஞர் பலர் இதனை அறிந்தோ அறியாமலோ நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். அறியாமற் பயன்படுத்துவோரைக் கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பதிலி நல்ல கருவி. அதனை அறவே விலக்க வேண்டுமென்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. ஆனால் தம் நிரலில் பதிலி எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று சொல்ல இயலாதவர் கையில், பிறர் பணமோ மருந்தோ சம்பந்தப்பட்ட கணக்கை ஒப்படைக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து.

இடைமுகம் என்பது ஓர் ஒப்பந்தம். மருந்துக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'இருப்பைக் கூறு', 'வழங்கு', 'பெற்றுக்கொள்' என்ற மூன்று செயல்கள் அதன் இடைமுகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்க. ஒவ்வொரு செயலுக்கும் எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்ப வரும் என்பது மட்டுமே அங்குக் கூறப்படும். அச்செயல் எவ்வாறு நடைபெறும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அதனை நடத்திக் காட்டுவது வேறொரு வகுப்பின் பொறுப்பு. கிடங்கை அழைக்கின்ற நிரற்பகுதி ஒப்பந்தத்தை மட்டுமே அறியும். எதிரே நிற்பவர் யார் என்பதை அது அறியாது, அறியவும் வேண்டுவதில்லை. பதிலிக்கு இடம் கிடைப்பது இந்த அறியாமையினாலேதான்.

இப்பொழுது மேலதிகாரி ஒருவர், ஒவ்வொரு செயலும் எப்பொழுது, யாரால் அழைக்கப்பட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்று ஆணையிடுகிறார். நிரலில் இருபது இடைமுகங்கள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு செயல்கள் இருப்பின், இருநூற்று நாற்பது இடங்களில் ஏறத்தாழ ஒரே வரிகளை எழுதியாக வேண்டும். எழுதுபவர் மனிதர், இருநூற்று முப்பத்தொன்றாவது இடத்தில் சோர்வு வரும். அடுத்த மாதம் குறிப்பின் வடிவத்தை மாற்றச் சொன்னால், மீண்டும் இருநூற்று நாற்பது இடங்கள்.

இத்தொல்லை புதியதன்று. 1984-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் தாம் செய்த பணியை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு கணிப்பொறியில் ஓடும் நிரல், தொலைவிலுள்ள வேறொரு பொறியின் செயலை, அது தன் பக்கத்திலேயே இருப்பதுபோல் அழைப்பது எப்படி என்பதே அதன் பொருள். அழைக்கும் பக்கத்தில் ஒரு பதிலாள் நின்று, கொடுக்கப்பட்டவற்றை மூட்டையாகக் கட்டி அனுப்பும். வந்த விடையைப் பிரித்துக் கையில் கொடுக்கும். இந்தப் பதிலாளை மனிதர் எழுதவில்லை. இடைமுகத்தைப் படித்து ஒரு கருவியே எழுதியது. 1986-இல் மார்க் ஷாப்பிரோ என்பவர் இக்கருத்தைப் பொதுமைப்படுத்தி, தொலைவிலுள்ள பொருளை அதன் பதிலி வழியாகவே அணுக வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாக வகுத்தார். ஸ்மால்டாக் மொழியினர் வேறொரு வழி கண்டனர். தனக்குத் தெரியாத செய்தி ஒன்று வந்தால் 'எனக்குப் புரியவில்லை' என்னும் பொருள்பட ஒரு செயலைத் தானே அழைத்துக்கொள்ளும் வழக்கம் அம்மொழியின் பொருள்களுக்கு உண்டு. ஒன்றுமே புரியாத பொருள் ஒன்றைப் படைத்து, வரும் எல்லாச் செய்திகளையும் அந்த ஒரே வாயில் வழியாகப் பிடித்து, உண்மைப் பொருளுக்கு அனுப்பிவிட்டனர். அறியாமையையே கருவியாக்கிய இந்தச் சாமர்த்தியம் என்னை இன்றும் மகிழ்விக்கிறது.

ஜாவா மொழியில் ஒவ்வொரு பொருளின் வகையும் முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும். ஸ்மால்டாக்கின் தாராளம் அங்கே செல்லாது. எனவே 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 1.3-ஆம் பதிப்பில் வேறொரு ஏற்பாடு செய்யப்பட்டது. நாம் மூன்றைக் கொடுக்கிறோம்: வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் ஏற்றி ஒன்று, நிறைவேற்றப்பட வேண்டிய இடைமுகங்களின் பட்டியல், கையாளி என்ற ஒரு பொருள். ஜாவா இயந்திரம் அந்த நொடியில், வட்டில் எங்கும் இல்லாத ஒரு புதிய வகுப்பை நினைவகத்திலேயே இயற்றுகிறது. பட்டியலிலுள்ள இடைமுகங்கள் அனைத்தையும் அவ்வகுப்பு நிறைவேற்றும். ஆனால் அதன் ஒவ்வொரு செயலின் உடலிலும் இருப்பது ஒரே வேலைதான்: அழைக்கப்பட்ட செயல் எது என்பதையும், கொடுக்கப்பட்ட மதிப்புகளை ஒரு வரிசையாகக் கட்டியும், கையாளியிடம் கொடுத்துவிடுவது. கையாளியிலோ 'இன்வோக்' என்னும் ஒரே ஒரு செயல் உண்டு. இருநூற்று நாற்பது வாயில்களும் அந்த ஒரு வாயிலில் வந்து சேர்கின்றன. அங்கே பத்து வரி எழுதினால் போதும். மேலதிகாரியின் ஆணை நிறைவேறிவிடும்.

கல்லூரி மாணவர்கள், வராத தோழனுக்காக 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுப்பதைப் பிராக்ஸி என்றே வழங்குவர். அந்தப் பதிலிக்கு ஒரே ஒரு செயல்தான் தெரியும். ஆசிரியர் எழுப்பி வினாக் கேட்டால் அகப்பட்டுக்கொள்வான். ஜாவாவின் பதிலி ஒப்பந்தத்திலுள்ள எல்லா வினாவுக்கும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டது. ஆயினும் அதற்கும் வரம்புகள் உண்டு. அது இடைமுகங்களுக்கு மட்டுமே பதிலியாக நிற்கும், வகுப்புகளுக்கு நிற்காது. புதிதாக இயற்றப்படும் வகுப்பு ஏற்கெனவே 'பிராக்ஸி' என்னும் தாய்வகுப்பின் சேயாகப் பிறக்கிறது. ஜாவாவில் ஒரு சேய்க்கு இரு தாயர் இருத்தல் இயலாது. வகுப்புக்கே பதிலி வேண்டுவோர், அவ்வகுப்பின் சேய் ஒன்றை ஓட்டத்தின்போது இயற்றித் தரும் வேறு நூலகங்களை நாடுகின்றனர். அவற்றிலும், மாற்றலாகாது என்று முத்திரையிடப்பட்ட செயல்களைப் பதிலி தொட முடியாது.

இம்மாநிலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர், மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருளின் இரண்டாம் பதிப்பை 2004-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினர். டிஎச்ஐஎஸ்-2 என்று அது வழங்கும். அதன் முதற்பதிப்பு விண்டோஸையும் மைக்ரோசாஃப்ட் அக்செஸையும் சார்ந்திருந்தது. கேரளமோ அக்காலத்தில் கட்டற்ற மென்பொருளின்பால் உறுதியாகச் சாய்ந்திருந்தது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பெற்றதும் திருவனந்தபுரத்திலேதான். இரண்டாம் பதிப்பு முதன்முதலாகக் களத்தில் இறங்கியது 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேரளத்தின் சுகாதார நிலையங்களில். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பயன்பட்டு வருகிறது. இங்கே அடி வைத்த ஒரு கருவி இத்துணை தூரம் சென்றது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அம்மென்பொருள் ஜாவாவில், ஸ்பிரிங், ஹைபர்னேட் என்னும் இரு சட்டகங்களின் மேல் எழுந்தது. இடைமுகங்களை ஒரு பகுதியிலும், அவற்றை நிறைவேற்றும் வகுப்புகளை வேறொரு பகுதியிலும் தனித்தனியே வைத்து எழுதினர். தொலைவில் இருந்து பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு இப்பிரிவினை இன்றியமையாதது. ஒப்பந்தத்தை மாற்றாதவரை உள்வேலையை யாரும் மாற்றலாம். பதிலி நுழைவதற்கும் இத்தகைய பிரிவினையே வழி திறக்கிறது. ஹைபர்னேட் தன் பங்குக்கு வேறொரு பதிலியை நிறுத்தும். ஒரு துணைமையத்தின் மாதக் கணக்கைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது, அத்துணைமையம் எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்தது என்பதை உடனே எடுத்து வராது. எண்ணை மட்டும் தாங்கிய பதிலி ஒன்றை அங்கே வைக்கும். யாரேனும் நிலையத்தின் பெயரைக் கேட்டால்தான் பதிலி ஓடிச் சென்று எடுத்து வரும். யாரும் கேளாவிடின் ஒரு பயணம் மிச்சம். இது வகுப்புவழி பிறந்த பதிலி. நாம் பேசுவதன் உடன்பிறப்பு.

டிஎச்ஐஎஸ்-2இன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கிறது. அதன் சேவை வகுப்புகளைத் திறந்து பார்ப்பவர், செயல்கள் பலவற்றின் தலையில் 'டிரான்சாக்‌ஷனல்' என்னும் குறி இடப்பட்டிருப்பதைக் காணலாம். பரிவர்த்தனை என்பது இதன் பொருள்: இச்செயலில் அடங்கிய எழுத்துகள் யாவும் முழுதும் நடைபெற வேண்டும், இல்லையேல் சிறிதும் நடவாதிருக்க வேண்டும். ஸ்பிரிங் சட்டகத்தில் எழுதப்படும் எண்ணற்ற நிரல்களில் இக்குறி உண்டு. குறி இட்டுவிட்டதால் காரியம் முடிந்தது என்றே இளைஞர் பலர் எண்ணுகின்றனர். குறி தானாக எதையும் செய்வதில்லை. நிரல் தொடங்கும்போது ஸ்பிரிங் அக்குறியைப் படித்து, அப்பொருளுக்கு முன்னால் ஒரு பதிலியை நிறுத்துகிறது. அழைப்பு வருகையில் பதிலிதான் பரிவர்த்தனையைத் திறக்கிறது; பிறகு உள்ளே நிற்கும் உண்மைப் பொருளை அழைக்கிறது; நலமே முடிந்தால் உறுதி செய்கிறது; இடையில் முறிந்தால், விதிப்படி, யாவற்றையும் பின்வாங்குகிறது. பதிலியைத் தாண்டி வராத அழைப்புக்குக் குறி வெறும் எழுத்து.

பல ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வையிட நேர்ந்த ஒரு மருந்துக் கிடங்குக் கணக்கில் இதுவே நேர்ந்தது. அவ்வலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. கிடங்கிலிருந்து துணைமையத்துக்கு மருந்து மாற்றும் செயலில் இரு எழுத்துகள் இருந்தன: ஓரிடத்தில் கழிப்பது, மற்றோரிடத்தில் கூட்டுவது. அச்செயலின் தலையில் பரிவர்த்தனைக் குறி முறையாக இடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றும்போது எக்குறையும் தோன்றவில்லை. பின்னர், மாத இறுதியில் எல்லாத் துணைமையங்களுக்கும் ஒருசேர மாற்றுவதற்கென்று, அதே வகுப்பிலேயே புதிய செயல் ஒன்றை ஓர் இளைஞர் எழுதினார். அது வரிசையாக ஒவ்வொரு மையத்துக்கும் பழைய மாற்றுச் செயலை அழைத்தது. வெளியிலிருந்து வந்த முதல் அழைப்பு பதிலி வழியாகத்தான் வந்தது. ஆனால் புதிய செயலின் தலையில் குறி இல்லாமையால் பதிலி ஒன்றும் செய்யாமல் உள்ளே விட்டுவிட்டது. உள்ளே சென்றபின், உண்மைப் பொருள் தன்னுடைய இன்னொரு செயலைத் தானே அழைத்தது. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்பவர் வாயிற்காப்போனைக் கடப்பதில்லை அல்லவா? பதிலிக்கு அந்த அழைப்பு தெரியவே இல்லை, பரிவர்த்தனையும் திறக்கப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே உடனுக்குடன் உறுதியாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இடையில் இணைப்பு அறுந்தது. கழிப்பது நடந்தது, கூட்டுவது நடக்கவில்லை. நானூறு புட்டிகள் ஏட்டிலிருந்து மறைந்தன. பிழை காட்டும் செய்தியில் இணைப்பு அறுந்தது என்பது மட்டும் இருந்தது. அது அவ்வப்போது நேர்வதாகையால் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இரு வாரம் கழித்துத் தணிக்கையில் குறைவு வெளிப்பட்டது. கிடங்குப் பொறுப்பாளர், ஓய்வு பெற ஏழு மாதமே இருந்தவர், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பெற்றார். கிடங்கில் புட்டிகள் எண்ணப்பட்டன, ஏட்டைவிடக் குறையவில்லை. துணைமையத்திலோ புட்டிகள் வந்து சேர்ந்து, அங்குள்ள செவிலியர் அவற்றை நோயாளிகளுக்கு வழங்கியும் வந்தார். ஆனால் ஏட்டில் அங்கே இருப்பே இல்லை. இல்லாத இருப்பிலிருந்து எப்படி வழங்கினீர் என்று அவரிடமும் வினா எழுந்தது. மென்பொருள் தவறியிருக்கலாம் என்று சொன்ன ஒரே ஆள் அப்பொறுப்பாளர்தான். "நிரலில் அதற்கென்று பாதுகாப்பு எழுதியிருக்கிறது, தவறாது" என்று, குறியைக் காட்டி, அவருக்கு விடையளித்தவன் நான்.

மூன்று நாள் சென்றபின்னரே, பிழை நேர்ந்த பொழுதின் அழைப்புவரிசையை வரி வரியாகப் படித்து, பரிவர்த்தனைக் கையாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதைக் கண்டேன். கணக்கு திருத்தப்பட்டது, குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. நான் அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தேன். அவர் சினங்கொள்ளவில்லை, அந்தப் பதிலாள் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று மட்டும் கேட்டார். வாயிலில் என்றேன். "நான் முப்பது வருஷமா வாயிலில்தான் நிற்கிறேன், சார். பின்கதவு இருக்கிற கிடங்குக்கு முன்கதவில் மட்டும் ஆள் போட்டால் போதுமா?" என்றார்.

ஸ்பிரிங் சட்டகத்தின் கையேட்டில் இவ்வரம்பு ஒளிவின்றி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே குறை சட்டகத்தினுடையதன்று. அன்று எங்களுள் யாரும் அப்பகுதியைப் படிக்கவில்லை; படித்திருந்தாலும், பதிலி ஒன்றைத் தம் கையால் ஒருமுறையேனும் இயற்றாதவர்க்கு அந்த வரிகள் மனத்தில் தைத்திரா. இதற்கு மருந்து எளியது. இரு செயல்களையும் இரு வேறு பொருள்களில் வைத்தால், ஒன்று மற்றொன்றை அழைக்கும்போது வாயிலைக் கடந்தே தீரும். சிலர் பொருளுக்குள்ளேயே தன் பதிலியை வைத்துக்கொண்டு அதன் வழியாகத் தன்னைத் தானே அழைக்கச் செய்வர். அது வேலை செய்யும். எனினும், தன் வீட்டுக்குள் செல்வதற்குத் தெருவுக்கு வந்து மணியடிப்பதைப் போன்றதாகையால், படிப்பவர்க்கு மயக்கம் தரும். நான் அதனை ஆதரிப்பதில்லை.

கையாளியை எழுதுவோர் செய்யும் தவறுகளுள் இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். உண்மைப் பொருளின் செயலைக் கையாளி அழைக்கும்போது உள்ளே பிழை நேர்ந்தால், ஜாவா அதனை ஓர் உறைக்குள் இட்டுத் தரும். உறையைப் பிரித்து உள்ளிருக்கும் பிழையை எடுத்து மேலே எறிய வேண்டியது கையாளியின் கடமை. பிரிக்காமல் உறையோடு எறிந்தால், ஒப்பந்தத்தில் சொல்லப்படாத பிழை ஆகையால் பதிலி அதற்கு மேல் இன்னோர் உறையை இடும். அழைத்தவர் கையில் கிடைப்பது உறைக்குள் உறை. 'மருந்து இருப்பில் இல்லை' என்ற தெளிவான செய்திக்காகக் காத்திருந்த நிரற்பகுதி அதனை அடையாளம் காணாது. இதனினும் கொடியது பிழையை விழுங்கிவிடும் கையாளி. பிழை நேர்ந்ததும் வெற்று மதிப்பைத் திருப்பிக் கொடுத்து அமைதி காக்கும் கையாளிகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் அதனை நிதானம் என்று கருதியிருந்தனர்.

ஒப்புமைச் செயலும் பலரை ஏமாற்றியிருக்கிறது. 'நீயும் இதுவும் ஒன்றா' என்ற வினா பதிலிக்கு வந்தால், அது கையாளிக்குச் செல்லும். கையாளி அதனை எண்ணிப் பாராமல் உண்மைப் பொருளிடம் தள்ளிவிட்டால், உண்மைப் பொருள் தன்னையும் பதிலியையும் ஒப்பிட்டு, அன்று என்று விடை கூறும். இதனால் பதிலி தனக்குத் தானே சமமன்று என்ற விந்தையான நிலை பிறக்கிறது. ஒரு பட்டியலில் பதிலியைச் சேர்த்துவிட்டு, அதே பதிலியை நீக்கச் சொன்னால், பட்டியல் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்கிறது. நீங்காத பொருள்கள் நினைவகத்தில் தேங்குகின்றன. சில வாரம் ஓடிய நிரல் ஒருநாள் மூச்சுத் திணறி விழுகிறது.

எது வந்தாலும் ஏற்று விடைகூறும் பொருள் என்பதே ஒரு பலவீனமாகவும் ஆகக்கூடும். ஜாவாவில் நாம் இடும் குறிகளை நிரல் ஓடும்போது படித்துப் பார்த்தால், நமக்குக் கிடைப்பதும் ஒரு பதிலிதான். அதற்கென்று ஜாவாவுக்குள்ளேயே ஒரு கையாளி உண்டு. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில், ஆய்வாளர் இருவர் ஒரு தாக்குதற் சங்கிலியை விளக்கிக் காட்டினர். வெளியார் அனுப்பிய பைட்டுகளைப் பொருளாக மீட்டெடுக்கும் நிரலுக்குள், தீய ஆணையை நுழைக்கும் வழி அது. அதன் கண்ணிகளுள் ஒன்றாக அந்தக் கையாளியே பயன்பட்டது. பின்னர் ஜாவாவினர் அதனைத் திருத்தினர். குற்றம் நம்பத்தகாத பைட்டுகளை மீட்டெடுத்தவருடையதே. ஆயினும் எந்த வேடமும் ஏற்கும் நடிகர் ஒருவர் கூடத்தில் இருந்தமையால் சங்கிலி எளிதாயிற்று.

இவற்றையெல்லாம் கண்டு, பதிலியே வேண்டாம், தேவையான இடைநிரலைத் தொகுப்பு நேரத்திலேயே எழுதி வைத்துவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 2018-இல் வெளிவந்த மைக்ரோனாட் என்னும் சட்டகம் அவ்வழியையே பின்பற்றுகிறது. எழுதப்பட்ட இடைநிரலைக் கண்ணால் காணலாம். நிரல் விரைவில் தொடங்கும். கிரால் என்னும் கருவியைக் கொண்டு ஜாவா நிரலை முன்கூட்டியே இயந்திரமொழிக்கு மாற்றுவோர், எந்தெந்த இடைமுகங்களுக்குப் பதிலி வேண்டும் என்பதை மாற்றும்போதே தெரிவித்தாக வேண்டும். ஓட்டத்தின்போது புதிதாக ஒன்றை இயற்ற அங்கு இடமில்லை. வேண்டிய இடைமுகங்கள் முன்னரே தெரிந்திருக்கும் நிரல்களுக்கு நானும் இவ்வழியையே விரும்புவேன்.

ஆனால் முன்னரே தெரியாத இடங்கள் உண்டு. சோதனை அவற்றுள் தலையாயது. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ராக்கெட்டில் செல்லும் கணிப்பொறியைத் தரையிலேயே வைத்து, உணர்கருவிகளிலிருந்து வருவன போன்ற சைகைகளை அதற்கு ஊட்டி, பறப்பு முழுவதையும் ஒத்திகை பார்ப்பர். ராக்கெட் ஏவுகளத்தை விட்டு எழுந்துவிட்டதாகவே அக்கணிப்பொறி செயற்படும். நிரலாளரும் இதனையே சிறிய அளவில் செய்ய விரும்புகின்றனர்: இல்லாத மருந்துக் கிடங்கு ஒன்று, கேட்டபொழுது இருப்பு நானூறு என்று சொல்ல வேண்டும், அடுத்த சோதனையில் இணைப்பு அறுந்ததாக நடிக்க வேண்டும். சோதனைதோறும் நடிப்பு மாறும். இதற்கெல்லாம் தனித்தனி வகுப்பு எழுதி வைப்பது வீண் உழைப்பு; கையாளியில் இரண்டு வரி போதும். எங்கள் கிடங்குக் கணக்கில் இத்தகைய சோதனை ஒன்று இருந்திருப்பின், கழித்தலுக்கும் கூட்டலுக்கும் இடையில் இணைப்பை அறுத்துப் பார்த்திருப்போம். பிழை எங்கள் மேசையிலேயே அகப்பட்டிருக்கும். பதிலியால் விளைந்த கேட்டைத் தடுத்திருக்கக்கூடியதும் ஒரு பதிலிதான்.

ஆதலின் நான் கோருவது தடையன்று, பயிற்சி. கல்லூரிகளில் இடைமுகம் என்றால் என்ன என்பது கற்பிக்கப்படுகிறது; தேர்விலும் கேட்கப்படுகிறது. அதன்பின் மாணவர் நேரே சட்டகத்துக்குத் தாவுகிறார். இடையிலுள்ள படியைக் கற்றவராக என்னிடம் வரும் இளைஞர் பத்தில் ஒருவர் இருப்பதே அரிது. அப்படிக்குத் தேவை ஒரு பிற்பகல். மருந்துக் கிடங்குபோல் மூன்று செயல் கொண்ட இடைமுகம் ஒன்றை எழுதச் செய்க. சட்டகம் எதுவுமின்றி, ஜாவாவோடு வருவதை மட்டும் கொண்டு, அழைப்புகளைக் குறித்துவைக்கும் பதிலி ஒன்றை இயற்றச் செய்க. கையாளிக்குள்ளேயே பதிலியின் பெயரை அச்சிடச் சொன்னால், பெயர் கேட்கும் வினா மீண்டும் கையாளிக்கே வந்து, அது மீண்டும் கேட்டு, அடுக்கு நிரம்பி நிரல் விழும்; விழட்டும், அதனைப் பார்ப்பதும் பாடமே. பிறகு உண்மைப் பொருளின் ஒரு செயல் மற்றொன்றை அழைக்குமாறு மாற்றச் செய்து, குறிப்பேட்டில் எத்தனை வரி விழுகிறது என்று எண்ணச் செய்க. இரண்டு எதிர்பார்ப்பர், ஒன்றுதான் இருக்கும்.

பணிமனைகளில் நான் வேண்டுவதும் அதிகமில்லை. குறி இடப்பட்ட செயல் ஒன்றை அதே பொருள் தானே அழைக்கிறதா என்பதை, நிரலைச் சரிபார்ப்பவர் கேட்கும் வினாக்களில் சேர்க்க வேண்டும். கையாளிகள் ஒரு திரைக்குள் அடங்குமளவு சிறியனவாக இருத்தல் வேண்டும். வாயிற்காப்போன் வருகையைக் குறிக்கலாம், தடுக்கலாம், வழிவிடலாம். யாருக்கு எத்தனை புட்டி என்று முடிவு செய்வது அவன் வேலையன்று. பணமும் மருந்தும் நகரும் செயல்களுக்கு, நடுவில் அறுத்துப் பார்க்கும் சோதனை இல்லாமல் நிரலை ஏற்கலாகாது.

பிற்பகற் பயிற்சியை நான் நடத்தும்போது, இறுதியில் ஒரு சிறு வினா கேட்பது வழக்கம். கையிலிருக்கும் கிடங்குப் பொருளின் வகுப்பு எது என்று அதனிடமே கேட்கும் செயல் கையாளிக்குச் செல்வதில்லை. ஜாவா இயந்திரமே அதற்கு விடையளிக்கும். தாங்கள் எழுதிய வகுப்பின் பெயர் வருமென்று காத்திருப்பர். டாலர் குறியும் பிராக்ஸி என்ற சொல்லும் ஓர் எண்ணும் திரையில் தோன்றும். சென்ற மாதம் ஒரு மாணவி அதனைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தான் பணியாற்றும் இடத்தின் நிரலிலும் இதே வினாவைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, விடைபெற்றுக்கொள்ளாமலே எழுந்து சென்றார்.